ஐரின் பிஸ்கட் சுட்ட சனிக்கிழமைகள்

ஐரின் டீச்சரும் நானும் கண்டி நகரில் ஒரே தமிழ்ப் பாடசாலையில் பதினாறு வருடம் படிப்பித்தோம். அவள் இரண்டாம் வகுப்பு, நான் நான்காம் வகுப்பு. வீடும் பக்கத்தில்தான். அம்பிட்டியவில் கோயிலைத் தாண்டி ஏறும் பாதையில் அவள் வீடு மேலே, என் வீடு இரண்டு வளைவு கீழே. சனிக்கிழமை பின்னேரங்களில் ஏலக்காயும் பட்டரும் சேர்ந்து வேகும் மணம் என் முற்றத்துக்கு இறங்கி வரும். திங்கட்கிழமை காலையில் அந்த பிஸ்கட் டின் ஆசிரியர் அறை மேசையில் இருக்கும்.

கிளாஸின் விளிம்பால் வெட்டிய சாதாரண வட்ட பிஸ்கட்தான். ஆனால் அதைத் தருவதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. முதல் பிஸ்கட்டை அவளே சாப்பிடுவாள். பிறகு டின்னை மூடிவிட்டு, வரவுப் பதிவேடு எழுதுவாள், கொப்பிகளை அடுக்குவாள். கால் மணி நேரம் போன பிறகுதான், "இப்ப எடுங்க" என்பாள். ஏன் இந்தக் காத்திருப்பு என்று நாங்கள் கேட்டதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம் இருக்கும்தானே.

2024 ஒக்டோபரில் ஒரு திங்கட்கிழமை. வழக்கம்போல முதலாவதை அவள் சாப்பிட்டாள், கால் மணி நேரம் கழித்து டின்னைத் திறந்தாள். நான் எடுத்துக் கடித்தேன். வாயில் வைக்க முடியாத உப்பு. பக்கத்தில் இருந்த சுந்தரி டீச்சர் யன்னலுக்கு ஓடிப்போய்த் துப்பினாள்.

"ஐரின், சீனிக்குப் பதிலா உப்பக் கொட்டிட்டீங்க போல" என்று சிரித்தாள் சுந்தரி.

எல்லோரும் சிரித்தோம். ஐரின் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் அதே பிஸ்கட்டை முழுசாகச் சாப்பிட்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அதை நான் யோசித்தபோதுதான் எனக்குச் சிரிப்பு அடங்கியது. அவள் டின்னை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். "எங்கம்மாவுக்கும் மொதல்ல உப்புத்தான்" என்று மட்டும் சொன்னாள். மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டாள்.

இங்கே நான் எழுதுவதில் பாதி நான் கண்டது. மீதி, அந்த டிசம்பருக்குப் பிறகு அவளே எனக்குச் சொன்னது. சொல்லும்போது நடுவில் நின்றுபோய், "எங்க விட்டேன்?" என்று கேட்பாள். நான் எடுத்துக் கொடுப்பேன்.

ஐரின் பிறந்தது கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா சவரிமுத்து தொழிற்சாலையில் வேலை. அம்மா மதலேன் கொழுந்து பறித்தாள். மதலேன் கல்யாணத்துக்கு முன்னால் துரை பங்களாக் குசினியில் கூடமாட வேலை செய்தவள். பிஸ்கட் சுடுவதை அங்கே பார்த்துப் பழகியிருந்தாள். லயத்து வரிசை வீட்டில் போறணை அடுப்பு ஏது? பெரிய அலுமினியச் சட்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் தகரத் தட்டை வைத்து, மூடியின்மேல் தணலை அள்ளிப் போட்டு அவள் பிஸ்கட் சுடுவாள். நத்தார் வாரத்தில், கிறிஸ்து பிறப்பு நெருங்கும்போது, அந்த லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அவர்கள் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள்.

மதலேனுக்கு நாற்பத்திரண்டு வயதிருக்கும்போது கறியில் உப்பு இரண்டு முறை விழத் தொடங்கியது. சவரிமுத்து பகிடியாக எடுத்துக்கொண்டார். அடுத்து, அரிசி போடாமல் வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டாள். ஒரு நாள் மலையிலிருந்து இறங்கும்போது தன் லயத்தைத் தாண்டிப் போய், வேறொரு வீட்டு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டுக்காரி கத்தியபோது, "என் வீட்டுல வந்து ஏன் சத்தம் போடுற?" என்று கேட்டாளாம். தோட்டத்தில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். சிலர் பேய் என்றார்கள். சிலர், புருஷன் மேல் கோபம் என்றார்கள்.

1989 நத்தாருக்கு நான்கு நாள் இருந்தது. ஐரினுக்கு அப்போது பதின்மூன்று வயது. தம்பி சுவக்கினுக்கு ஆறு. பின்னேரம் அம்மா மாப் பிசைந்து பலகையில் உருட்டினாள். ஒட்டாமல் இருக்க மாத் தூவ வேண்டும். அவள் எழும்பி, அடுப்புக்கு மேலே பரணில் இருந்த பழைய பால்மா டின்னை எடுத்தாள். மா இருந்தது கீழ்த்தட்டில். பரணில் இருந்தது, மரக்கறிப் பாத்திக்குத் தூவ அப்பா வாங்கி வைத்திருந்த பூச்சித்தூள்.

ஐரின் அதைப் பார்த்தாள். எந்த டின் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அம்மா செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாளா, கேட்டால் அடி விழும் என்று பயந்தாளா, அது அவளுக்கே கடைசிவரை விளங்கவில்லை. "வாயத் தொறந்தேன், மூடிட்டேன். அவ்ளோதான் ஞாபகம் இருக்கு" என்றாள் என்னிடம்.

முதல் தட்டு இறங்கியதும் சுவக்கின் சூட்டோடு மூன்றைத் தின்றான். கொஞ்ச நேரத்தில் வாயிலிருந்து எச்சில் வடிந்தது, கை கால் வெட்டி இழுத்தது. கொழுந்து லொறியில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்து பிழைத்தான். லொறியில் ஏற்றும்போது மதலேன் பிள்ளையைப் பார்த்து, "இது யாரு புள்ள?" என்று கேட்டாள். நினைவு தப்பிக்கொண்டிருந்த சுவக்கினுக்கு அது மட்டும் காதில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அவளுக்குத் தோட்டத்தில் ஒரே பெயர்தான்: பெத்த பிள்ளைக்கு மருந்து வைத்தவள். சவரிமுத்து குசினிக்குப் பூட்டுப் போட்டார். சமையல் ஐரின் கைக்கு வந்தது. மதலேன் பூட்டிய கதவின் முன்னால் உட்கார்ந்து, விரலால் தரையில் வட்டம் வட்டமாக வெட்டிக்கொண்டிருப்பாளாம். இரண்டு வருடம் கழித்து ஒரு மழைநாளில் வெளியே போனவள் திரும்பவில்லை. மறுநாள் ஆறாம் நம்பர் மலையில், தேயிலைச் செடிகளுக்கு இடையே தண்ணீர் ஓடும் கானுக்குள் கிடந்தாள். அடக்கத்துக்கு வந்தவர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கினார்கள்.

ஐரின் படித்தாள், டீச்சரானாள், எஸ்ரனைக் கல்யாணம் முடித்து அம்பிட்டியவுக்கு வந்தாள். எஸ்ரன் தபால் கந்தோரில் வேலை செய்கிற, அதிகம் பேசாத மனிதர். அம்மா காய்ச்சலில் செத்ததாகத்தான் அவரிடம் சொல்லியிருந்தாள். மகள் ஷிராணியிடமும் அதே கதைதான். பிஸ்கட் சுடுவதை மட்டும் அவள் விடவில்லை. முதலாவதைத் தானே தின்று, கால் மணி நேரம் காத்திருந்து, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு மற்றவர்களுக்குக் கொடுத்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மாவிடமிருந்து தான் வேறு என்று தனக்கே காட்டிக்கொண்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சுவக்கின் ஹுன்னஸ்கிரியவில் ஒரு சின்ன கைத்தொலைபேசிக் கடை வைத்திருந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டுக்கு வந்தால் ஒட்டு உடைக்காத பிஸ்கட் பெட்டியையும் தண்ணீர்ப் போத்தலையும் கையோடு கொண்டுவருவான். வேறு எதையும் தொடமாட்டான். அக்காவும் வற்புறுத்தமாட்டாள்.

அந்த உப்புத் திங்கட்கிழமைக்குப் பிறகு ஐரின் தன்னைத் தானே சோதிக்கத் தொடங்கினாள். சனிக்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, பிஸ்கட்டுக்கு வேண்டியதை நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதுவாள். அதை மடித்து அலுமாரியில் சேலைக்கு அடியில் வைப்பாள். அடுத்த கிழமை இன்னொன்று. முதல் தாளில் எட்டு வரி இருந்தது. மூன்றாவதில் ஆறு. நவம்பர் நடுவில் எழுதியதை பின்னர் நான் பார்த்தேன். அழகான டீச்சர் கையெழுத்தில் "மா" என்று மூன்று வரி. அதற்குக் கீழே எதையோ எழுதப் போய், பேனாவை அழுத்தித் தாளைக் கிழித்திருந்தாள்.

பாடசாலையிலும் கண்டோம். கரும்பலகையில் நேற்றைய திகதி அப்படியே இருந்தது. வகுப்பில் ஆகிப் என்ற பிள்ளையை ஒரு நாள் முழுக்க சுவக்கின் என்று கூப்பிட்டாள். ஒரு பின்னேரம் நானும் அவளும் பஸ்ஸை விட்டு இறங்கி ஏறி வந்தோம். என் வீட்டு வாசலில் நான் திரும்பினேன். அவளும் என்னோடு உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "ஷிராணி இன்னும் வரலியா?" என்று என் மகனிடம் கேட்டாள். அவன் முழித்தான். ஐரின் சுவர்களைப் பார்த்தாள், கதிரைகளைப் பார்த்தாள். பிறகு, "களைப்பு" என்றாள். நானும் களைப்பு என்றே எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே நான் எஸ்ரனிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை. திங்கட்கிழமை வகுப்பில் நத்தார் ஒளிவிழா. முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் பிஸ்கட் கொண்டுவருவதாக அவள் சொல்லியிருந்தாள். நாள் முழுக்க மழை. இரண்டு மணியளவில் எஸ்ரன் முன்னறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். ஷிராணிக்கு அப்போது இருபத்திரண்டு வயது, டவுனில் ஒரு பாமசியில் வேலை. அன்றைக்கு அரைநாள். நனைந்துகொண்டு வந்தவள், துவாயை எடுக்கப் பின்பக்கமாகக் குசினிக்குள் நுழைந்தாள்.

அம்மா பலகையின்மேல் வெள்ளையாக எதையோ தூவிக்கொண்டிருந்தாள். மூக்கைக் கரிக்கும் ஒரு வாடை. பலகைக்குப் பக்கத்தில் இருந்த டின் ஷிராணி குசினியில் ஒருநாளும் காணாதது. அடியில் துரு, பக்கத்தில் காய்ந்த மண்.

"அம்மா, இந்த டின்ன எங்கேருந்து எடுத்தீங்க?"

"மா டின்னுதானே."

"மா டின்னு அந்தா இருக்கு. இது அப்பா அவரைக்குப் போடுற மருந்தும்மா."

ஐரினின் கை நிற்கவில்லை. இன்னொரு பிடியை அள்ளினாள். ஷிராணி பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். இருவருக்கும் இடையில் டின் விழுந்து, தரையெல்லாம் வெள்ளையானது. சத்தம் கேட்டு எஸ்ரன் வந்தார். அவர் அந்தத் தூளை வீட்டுக்குள் வைப்பதே இல்லை. வைக்கக்கூடாது என்று கல்யாணமான நாளிலிருந்து ஐரின் போட்ட சட்டம் அது. பின்னால் விறகுக் கொட்டிலில், மேல் பலகையில், சாக்குக்குப் பின்னால் வைத்திருந்தார். அந்த மழையில் அவளே போய், ஏறி, எடுத்து வந்திருக்கிறாள். அவள் தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. போனதும் நினைவில்லை, வந்ததும் நினைவில்லை.

போறணைக்குள் ஏற்கனவே ஒரு தட்டு வெந்துகொண்டிருந்தது.

எஸ்ரன் அடுப்பை நிறுத்தி, யன்னல்களைத் திறந்தார். ஐரின் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். ஷிராணி சோப்புப் போட்டு அவள் கைகளைத் திரும்பத் திரும்பக் கழுவிவிட்டாள்.

"இதுல நீங்க ஏதும் சாப்பிட்டீங்களாம்மா? சொல்லுங்க, வாயில வச்சீங்களா?"

"மொத தட்டு இன்னும் எறங்கல" என்றாள் ஐரின். பிறகு மகளைப் பார்த்து, "நீ கேட்டுட்ட" என்றாள். "நான் கேக்கல, புள்ள. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அன்றைக்கு அந்தத் தரையில் உட்கார்ந்துதான் மதலேனின் கதையை அவள் முதன்முறையாகச் சொன்னாள். எஸ்ரன் வாசற்படியில் நின்று கேட்டார். முடிந்ததும், "கல்யாணம் முடிச்ச இருவத்தஞ்சு வருஷமா இத வச்சுக்கிட்டா இருந்த?" என்று மட்டும் கேட்டார்.

ஜனவரியில் நரம்பு வைத்தியரிடம் போனார்கள். துணைக்கு நானும் போனேன். வைத்தியர் இளையவர், தமிழும் சிங்களமுமாகப் பேசினார். மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைத்திருக்கச் சொன்னார். கடிகாரம் ஒன்றை வரையச் சொன்னார். இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குக் கடிகாரம் வரையக் கற்றுக்கொடுத்தவள், வட்டத்தை அழகாகப் போட்டுவிட்டு, இலக்கங்கள் அனைத்தையும் ஒரே பக்கத்தில் அடுக்கினாள். மூன்று சொற்களில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஸ்கேன், இரத்தம் எல்லாம் பார்த்து ஒரு மாதம் கழித்துத்தான் பெயர் சொன்னார். மறதி நோய். பொதுவாக முதுமையில் வருவது. சில குடும்பங்களில் நாற்பதுகளிலேயே வந்துவிடுமாம்.

"அப்ப எங்கம்மா வேணும்னு செய்யலயா, டொக்டர்?" என்று கேட்டாள் ஐரின். தன் நோயைப் பற்றி அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"நான் பார்க்காத ஆளைப் பத்தி உறுதியாச் சொல்ல ஏலாது. ஆனா நீங்க சொல்றத வச்சிப் பார்த்தா இதே நோயாத்தான் இருந்திருக்கும். அவங்களுக்கு அது எந்த டின் என்டு தெரிஞ்சிருக்காது."

ஐரின் தலையை ஆட்டினாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. வைத்தியர் அவளுக்குப் பின்னால் நின்ற ஷிராணியைப் பார்த்தார்.

"மகளா?"

"ஓம்" என்றார் எஸ்ரன்.

"இப்படிக் குடும்பத்துல வாரதா இருந்தா, பிள்ளைங்களுக்குப் பாதிக்குப் பாதி. அதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு. அவசரமில்ல. வேணும் என்டா செய்யலாம், வேணாம் என்டா விடலாம்."

ஷிராணி தாயின் பையின் சிப்பை இழுத்து மூடினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தம்பியைப் பார்க்க வேண்டும் என்று ஐரின் அடம்பிடித்தாள். "இன்னும் கொஞ்ச நாள் போனா சொல்றதுக்கு ஒன்னும் இருக்காது" என்றாள். எஸ்ரனுக்குக் காய்ச்சல். நான் கூட்டிப் போனேன். ஹுன்னஸ்கிரியவில் இறங்கும்போது பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனிமூட்டம். கடைக்குள் சுவக்கின் ஒரு கைத்தொலைபேசியைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தான். நோயைப் பற்றி எஸ்ரன் ஏற்கனவே தொலைபேசியில் சொல்லியிருந்தார். அக்காவுக்குக் கதிரையை இழுத்துப் போட்டான்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, அம்மாவுக்கு இருந்தது வியாதி. ஒன்னைக் கொல்லணும்னு செய்யல. அதோட, அந்த டின்ன அவ எடுத்தத நான் பாத்தேன். தெரிஞ்சும் சொல்லல."

சுவக்கின் கையிலிருந்த சின்ன திருப்புளி மேசையில் உருண்டது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"முப்பத்தஞ்சு வருஷம், அக்கா. ஒரு எடத்துல கையேந்தி ஒரு வாய் சோறு திங்கல நான். ஒரு பொண்ணு கட்டல, அவ ஆக்கிப் போட்டா எப்பிடித் திங்கிறதுன்னு. பெத்தவளே என்னைய வேணாம்னு நெனச்சான்னு இருந்தேன். நீங்க எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு எனக்கு நேரா ஒக்காந்து இருந்தீங்களா?"

அவன் எழும்பி வெளியே போனான். பனிமூட்டத்துக்குள் அவன் முதுகு மட்டும் தெரிந்தது. அரை மணி நேரம் அப்படியே நின்றான். பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போயின. உள்ளே ஐரின் என்னிடம் மெதுவாக, "நாம எதுக்கு இங்க வந்தோம்?" என்று கேட்டாள். நான் சொன்னேன். "சொல்லிட்டேனா?" என்றாள். "சொல்லிட்டீங்க" என்றேன்.

திரும்பி வந்தவன் அக்காவுக்கு முன்னால் குந்தினான். கண் சிவந்திருந்தது. ஆனால் குரல் வேறுமாதிரி இருந்தது.

"அக்கா, எனக்கு நாப்பத்தியொன்னு. எனக்கும் வருமா?"

"தெரியாதுடா."

அவன் பிரித்து வைத்திருந்த கைத்தொலைபேசியின் துண்டுகளைப் பார்த்தான். ஒவ்வொன்றாக எடுத்து, எது எங்கே பொருந்தும் என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பூட்டத் தொடங்கினான். நாங்கள் புறப்பட்டபோதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தான்.

மார்ச் மாதம் ஐரின் பாடசாலையை விட்டாள். எஸ்ரன் முன்கூட்டியே ஓய்வெடுத்துக்கொண்டார். கேஸ் அடுப்பின் திருகுகளைக் கழற்றித் தன் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். குசினிக்குப் பூட்டுப் போடலாம் என்று யாரோ சொன்னபோது, "பூட்டு வேணாம்" என்றார். அவள் உள்ளே போனால் அவரும் பின்னாலேயே போவார். சில நாளில் அவள் வெறும் பலகையில் உருட்டிக்கொண்டிருப்பாள். அவர் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். சனிக்கிழமை பின்னேரங்களில் என் முற்றத்துக்கு இப்போது ஒரு மணமும் இறங்குவதில்லை. மழை மணம் மட்டும்தான்.

சுவக்கின் நான்கு மாதம் அக்காவோடு பேசவில்லை. ஜூலையில் ஒரு நாள் எனக்குத்தான் அழைத்தான். அம்மாவின் பெயரில் பூசை ஒப்புக்கொடுக்கப் போவதாகவும், கலஹாவுக்கு எல்லோரையும் வரச்சொல்லியும் சொன்னான். மதலேன் இறந்து முப்பத்துமூன்று வருடத்தில் அவளுக்காக ஒரு பூசை நடந்ததில்லை.

வேன் பிடித்துப் போனோம். சின்னக் கோயில். அந்த நாள் லயத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து, ஐரினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூசை தொடங்குவதற்கு முன்னால் சுவக்கின் எழும்பி நின்று, தன் தாய் தனக்கு மருந்து வைக்கவில்லை என்றும், அவளுக்கு மூளையில் நோய் இருந்தது என்றும், அதே நோய் இப்போது அக்காவுக்கும் வந்திருக்கிறது என்றும் சொன்னான். வேறு எதையும் சொல்லவில்லை. டின்னை அக்கா பார்த்ததைச் சொல்லவில்லை. ஒரு கிழவர் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

சாமியார் பெயரை வாசித்தார். ஐரின் என் பக்கம் சாய்ந்தாள்.

"யாருக்குப் பூச?"

"மதலேனுக்கு."

"நல்ல பேரு" என்றாள். "நமக்குத் தெரிஞ்சவங்களா?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு அந்தப் பக்கத்தில் ஷிராணி முழந்தாளில் இருந்தாள். டெஸ்ட் எடுப்பதைப் பற்றி அவள் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அந்த மாதம் அவளைப் பெண் கேட்டு வந்தவர்களை வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள். எஸ்ரன் காரணம் கேட்கவில்லை. சுவக்கின் முன்வரிசை வாங்கில் தனியாக நின்று, தெரிந்த செபங்களை ஒரு சொல் விடாமல், மற்றவர்களைவிட உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.